துண்டு போட்ட வரலாறு

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கும் கலை அமெரிக்காவுக்கு எழுபதுகளில்தான் போய்ச் சேர்ந்தது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்றொரு மென்பொருளை எழுத ஆரம்பித்தார். நிரல் கோப்புகளின் பழைய வடிவங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்பது அதன் வேலை. முதலில் ஐ.பி.எம். 370இல் ஸ்னோபால் மொழியில், பிறகு யூனிக்ஸுக்காக சி மொழியில். சேர்த்து வைப்பது பெரிய வித்தை இல்லை. ஒரே கோப்பில் இரண்டு ப்ராசஸ்கள் ஒரே சமயத்தில் கை வைத்தால் என்ன செய்வது என்பதுதான் தலைவலி.

யூனிக்ஸில் அதற்குக் கிடைத்த மருந்து எளிமையானது. வேலையைத் தொடங்கும் ப்ராசஸ், கோப்பின் பெயருக்கு முன்னால் இசட் எழுத்தும் புள்ளியும் வைத்து ஒரு குட்டிக் கோப்பை உருவாக்கும். உள்ளே தன் ப்ராசஸ் எண்ணை எழுதி வைக்கும். அடுத்து வருபவர் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதாவது துண்டு. பெயர் எழுதிய துண்டு. அடுத்த ஐம்பது வருஷத்தில் இந்தத் துறை கண்ட புரட்சிகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், துண்டின் தரம் உயர்ந்திருக்கிறதே தவிர வேறொன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை.

1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ஆர்.சி.எஸ். கொண்டுவந்தார். இதில் மனிதர்களே லாக் போடலாம். ஒரு கோப்பை எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டால் மற்றவர்கள் படிக்கலாம், மாற்ற முடியாது. பூட்டியவர் விடுமுறையில் போய்விட்டால்? பிறர் லாக்கை உடைக்கவும் வழி வைத்திருந்தார்கள். ஆனால் உடைப்பவரிடம் ‘ஏனய்யா உடைக்கிறீர்?’ என்று ஆர்.சி.எஸ். காரணம் கேட்கும். அவர் எழுதுகிற விளக்கத்தை அப்படியே பூட்டியவருக்கு மெயிலில் அனுப்பி வைக்கும். கம்ப்யூட்டர் வரலாற்றில் இவ்வளவு மரியாதையாக அமைந்த திருட்டு வேறில்லை.

இந்த மரியாதையெல்லாம் ஆம்ஸ்டர்டாமில் எடுபடவில்லை. வ்ரைய பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்ற ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒரு சி கம்பைலரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவர் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற உத்தமர். இன்னொருவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆசிரியருக்குச் சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும். இவர்களில் ஒருவர் பூட்டிவிட்டுப் போனால் மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ‘யாரும் பூட்ட வேண்டாம், எல்லாரும் எழுதுங்கள், கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்’ என்று க்ரூன் முடிவெடுத்தார். 1986இல் அது சி.வி.எஸ். என்று வெளியே வந்தது.

மனிதர்கள் பூட்டுவதை நிறுத்தினார்கள். ப்ராசஸ்களால் அது முடியுமா? பொதுக் களஞ்சியத்தில் எழுதும் அந்தச் சில நொடிகளாவது யாராவது துண்டு போட்டாக வேண்டும். சி.வி.எஸ். இந்த முறை கோப்பு வேண்டாம், டைரக்டரி போடுவோம் என்றது. காரணம் இருக்கிறது. ‘இருக்கிறதா’ என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு உருவாக்கினால், பார்த்ததற்கும் உருவாக்கியதற்கும் நடுவே இன்னொருவர் நுழைந்துவிடுவார். டைரக்டரி உருவாக்கும்போது யூனிக்ஸ் இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும். ஏற்கெனவே இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். இரண்டு பேரும் ‘எனக்குத்தான் கிடைத்தது’ என்று நினைத்துக்கொள்ள வழியே இல்லை.

ஆனால் நெட்வொர்க் அறுந்தோ கம்ப்யூட்டர் படுத்தோ நடுவழியில் ப்ராசஸ் செத்துப்போனால், அந்த டைரக்டரி அங்கேயே கிடக்கும். ஆள் இல்லாத சீட்டில் துண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் சி.வி.எஸ். முப்பது நொடிக்கு ஒருதரம் ‘இன்னாருடைய லாக்குக்காகக் காத்திருக்கிறேன்’ என்று நேரம் போட்டு அறிவித்துக்கொண்டிருக்கும். இன்னார் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். யாராவது அட்மினைக் கூப்பிட்டு, அவர் உள்ளே போய் அழித்தால்தான் விடிவு.

இந்த அழிச்சாட்டியத்துக்கு முடிவு கட்டுவோம் என்று 2000இல் சப்வெர்ஷன் கிளம்பியது. கோப்பாவது துண்டாவது, இனி நிஜமான டேட்டாபேஸ் என்று பெர்க்லி டி.பி.யைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இங்கேதான் பொதுக் கேஷ் முதன்முறையாக அரங்கேறுகிறது. களஞ்சியத்தைத் தொடும் ஒவ்வொரு ப்ராசஸும் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளும். லாக்குகளின் பட்டியலும் அதற்குள்ளேதான். அருமையான ஏற்பாடு, எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டால். ஒருவர் அப்பாச்சி வழியாக வருவார், இன்னொருவர் எஸ்.எஸ்.எச். வழியாக வருவார். ஒருவர் உருவாக்கிய கோப்பில் இன்னொருவருக்கு எழுத அனுமதி இருக்காது. எழுதப் போனவர் பாதியில் விழுவார், விழும்போது லாக்கையும் பிடித்துக்கொண்டே விழுவார். அப்புறம் களஞ்சியம் மொத்தமும் ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். மீட்பதற்கென்றே தனிக் கட்டளை இருந்தது. 1.0 வெளியான அதே 2004இல், 1.1 பதிப்பில், வெறும் கோப்புகளை வைத்தே ஓடும் இன்னொரு அமைப்பைச் சேர்த்தார்கள். பெர்க்லிக்கு நன்றி, போய்வாருங்கள்.

இதற்கிடையே லினக்ஸ்காரர்கள் 2002 முதல் லாரி மெக்வாயின் பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளில் குடியிருந்தார்கள். வாடகை கிடையாது, நிபந்தனை உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதன் சர்வரோடு பேசும் சிறு மென்பொருள் ஒன்றை எழுதப்போக, உறவு முறிந்தது. 2005 ஏப்ரலில் கான்பராவில் நடந்த மாநாட்டில் ட்ரிட்ஜெல் மேடையிலேயே டெல்நெட்டைத் திறந்து பிட்கீப்பர் சர்வரோடு இணைத்தார். அடுத்து என்ன அடிக்கலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். ‘ஹெல்ப்’ என்று கத்தினார்கள். அடித்தார். சர்வர் தனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் சமர்த்தாக வரிசையாக ஒப்பித்தது. மாபெரும் ரகசியத்தைத் திருடிவிட்டார் என்று நடந்த ரகளைக்கெல்லாம் மூலம் இவ்வளவுதான். கேட்டார், அது சொன்னது. யாரிடம் பேசுகிறோம் என்று கேட்காமல் வாயைத் திறக்கிற ப்ராசஸுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

வீடு போனதும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்றைக் கட்ட உட்கார்ந்தார். சில நாட்களில், 2005 ஏப்ரல் 7இல், கிட் தன்னுடைய நிரலைத் தானே சேமிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அந்த முதல் நிரலிலேயே இருக்கிறது நம் துண்டு: இன்டெக்ஸ் டாட் லாக். இன்று நாம் இன்டெக்ஸ் என்று சொல்லும் கோப்புப் பட்டியலை அன்று அவர் கேஷ் என்றே அழைத்தார். கோப்பின் தொடக்கத்தில் ‘டைரக்டரி கேஷ்’ என்பதன் சுருக்கமாக நான்கு எழுத்துகள் இன்றும் பதிந்திருக்கின்றன.

லினஸ் செய்த நகாசு வேலை என்னவென்றால், லாக் கோப்பு வெறும் அடையாளமாகக் கிடக்காது. புதிய இன்டெக்ஸ் முழுவதையும் அதற்குள்ளேயே எழுதி முடித்து, கடைசியில் அதன் பெயரை ‘இன்டெக்ஸ்’ என்று மாற்றிவிடுவார். துண்டே எழுந்து உட்கார்ந்து பயணியாகிவிடும். யூனிக்ஸில் பெயர் மாற்றம் ஒரே நொடிப்பொழுதில் நடப்பது. பாதி எழுதிய இன்டெக்ஸை யாரும் பார்க்கவே முடியாது. பழையதைத் திறந்து படித்துக்கொண்டிருப்பவருக்குக் கடைசிவரை பழையதே தெரியும். ஐந்தாறு வரி நிரலில் இதைவிடச் சுத்தமாகச் செய்வது கஷ்டம்.

நடுவில் செத்தால்? ‘இன்னொரு கிட் ப்ராசஸ் ஓடுகிறதுபோல் தெரிகிறது’ என்ற அந்தப் புகழ்பெற்ற புலம்பல்தான். நிரலாளர்கள் அதைப் படிப்பதில்லை; லாக்கை அழித்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். சில சமயம் நிஜமாகவே இன்னொரு கிட் ஓடிக்கொண்டிருக்கும். எடிட்டர் பின்னணியில் ‘ஸ்டேட்டஸ்’ பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டேட்டஸ் பார்ப்பவருக்கு லாக் எதற்கு? பார்த்த கையோடு கேஷையும் புதுப்பித்துவிடலாமே என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தை அணைத்து வைக்க 2017இல் தனியாக ஒரு விருப்பத்தேர்வு சேர்க்க வேண்டியதாயிற்று.

கேஷ் வளர்ந்தது. லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள களஞ்சியங்களில், ஒவ்வொரு கட்டளைக்கும் இன்டெக்ஸ் முழுவதையும் வட்டிலிருந்து படித்து, கடைசியில் இருக்கும் செக்சம்மையும் சரிபார்ப்பதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். 2014இல் கிட் நிரலாளர் ஒருவருக்கு ஒரு யோசனை: ஒரு டெமன், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ராசஸ், இன்டெக்ஸைப் படித்துப் பொது நினைவகத்தில் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். வேகம் கிடைத்தது. சரி, டெமனை எப்படிக் கூப்பிடுவது? யூனிக்ஸ் சிக்னல் அனுப்பலாம். அந்தச் சிக்னலை எதிர்பார்க்காத ப்ராசஸ், வந்த மாத்திரத்தில் செத்துவிடும் என்பது சிறு சங்கடம். டெமன் போய்ச் சேர்ந்து, அதன் எண் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருந்தால், ‘அண்ணே, இருக்கீங்களா’ என்று தட்டியதற்கு அப்பாவி ஒருவர் பிணமாக விழுவார். 2016இல் இன்னொருவர் தூசி தட்டி எடுத்தபோது சிக்னல் போய் யூனிக்ஸ் சாக்கெட் வந்தது. இத்தனைக்குப் பிறகும் அது பிரதான கிட்டில் சேரவே இல்லை.

சாக்கெட் கிட்டுக்குப் புதிதல்ல. பாஸ்வேர்டை 900 நொடி ஞாபகம் வைத்துக்கொள்ளும் டெமன் ஒன்று 2012இலேயே வந்துவிட்டது. அதன் சந்தேக புத்தி எனக்குப் பிடிக்கும். சில பழைய யூனிக்ஸ்கள் சாக்கெட்டுக்கான அனுமதிகளை மதிப்பதில்லை என்பதால், அது இருக்கும் டைரக்டரியையே பூட்டி வைக்கும். டைரக்டரி கொஞ்சம் திறந்திருந்தாலும் ‘மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்’ என்று சொல்லிவிட்டு வேலைக்கே வராது. இன்னொரு கூத்து: லினக்ஸில் சாக்கெட்டின் முகவரி 108 பைட்டுக்குள் அடங்க வேண்டும். வீட்டு விலாசம் நீளமாக இருந்தால், கிட் அந்த டைரக்டரிக்குள்ளேயே போய் நின்றுகொண்டு சுருக்கமான பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பி வரும்.

2017இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் நிரலை கிட்டுக்குள் கொண்டுவந்தது: சுமார் 300 ஜி.பி., 35 லட்சம் கோப்புகள். ஒரு ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் 35 லட்சம் கோப்பையும் தட்டி ‘மாறினாயா’ என்று விசாரித்தாக வேண்டும். அதனால் அவர்களே ஒரு டெமன் எழுதினார்கள், எஃப்.எஸ். மானிட்டர். எது மாறினாலும் இயங்குதளம் அதன் காதில் போடும்; கிட் அதனிடம் மட்டும் கேட்டால் போதும்.

காதில் போட்டது வந்து சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? கேள்வி வந்ததும் டெமன் தானே ஒரு சின்ன குக்கி கோப்பை உருவாக்கும். அந்தச் செய்தி இயங்குதளத்தைச் சுற்றித் தன்னிடமே திரும்பி வரும்வரை காத்திருக்கும். வந்துவிட்டால், அதற்கு முன் நடந்ததெல்லாமும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகே பதில். குழப்பம் ஏதாவது இருந்தால் ஒரே ஒரு சாய்கோட்டைப் பதிலாக அனுப்பும்: எல்லாமே மாறியிருக்கலாம், நீயே பார்த்துக்கொள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அதிகாரியை இங்கேதான் பார்க்கிறேன்.

இரண்டு டெமன்கள் ஒரே சாக்கெட்டுக்கு அடித்துக்கொண்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. முதலில் டாட் லாக் என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்கு, வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டுப் பார், இல்லையென்றால் பழைய சாக்கெட்டை அழித்துவிட்டு உட்கார். உட்கார்ந்த பிறகும் நிம்மதி இல்லை. தன் சாக்கெட் இன்னும் தன்னுடையதுதானா, யாராவது திருடிவிட்டார்களா என்று அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். திருடு போயிருந்தால் சத்தமில்லாமல் கடையைக் கட்டும்.

2022 ஜூனில், 2.37 பதிப்பில், இந்த டெமன் கிட்டோடு சேர்ந்தே வந்தது. விண்டோஸில் ஓடியது. மேக்கில் ஓடியது. எந்த லினக்ஸுக்காக கிட்டையே கட்டினார்களோ அந்த லினக்ஸ் மட்டும் பட்டியலில் இல்லை. அங்கே ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனித்தனியாகக் காவல் போட வேண்டும், காவலுக்கு உச்சவரம்பும் உண்டு. லினக்ஸ்காரர்களுக்கு அவசரமென்றால் ஃபேஸ்புக் எழுதிய வாட்ச்மேனை நிறுவிக்கொள்ளலாம் என்பதுதான் அப்போதைய ஆலோசனை.