மடிக்கணினியின் நிர்வாகிக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகாகனம் பொருந்திய நிர்வாகி அவர்கள் சமூகத்திற்கு, சேலம் ஜில்லா மேச்சேரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்களைத் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லையாயினும், தங்கள் திருநாமத்தை என் மடிக்கணினித் திரையில் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது வாசித்து வருகிறேன். கடிகாரத்தைத் திருத்தப் போனாலும், பிரிண்டரைச் சேர்க்கப் போனாலும், 'நிர்வாகியின் பாஸ்வேர்டு தேவை' என்று அது கையேந்துகிறது. வீட்டில் இருப்பவர்களோ நானும் என் சம்சாரமும், பட்டியில் இரண்டு மேச்சேரிச் செம்மறிகளுமே. விசாரித்த மட்டில் இவர்களில் எவரும் அந்தப் பதவியை ஒப்புக்கொள்ளவில்லை.

இயந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், ஆரம்பமான திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் படித்த என் பேத்திக்கு அது கிடைத்தது. சர்க்கார் அதை இலவசம் என்று சொல்லாமல் 'விலையில்லா மடிக்கணினி' என்று சொன்னது. விலைமதிப்பற்றது என்றும் பொருள் கொள்ள இடம் இருப்பதால் அந்தப் பிரயோகத்தில் எனக்கு அலாதிப் பிரியம். பேத்தி கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனபின் அதை நான் சுவீகரித்தேன். பஸ் நிலையத்தருகே ஒரு பையன் உள்ளே கிடந்ததையெல்லாம் துடைத்து, சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய 'பாஸ்' லினக்ஸை மட்டும் குடிவைத்து, தன் இஷ்டத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் சூட்டித் தந்தான். அடுத்த மாதமே திருப்பூருக்குப் போய் செல்போன் எண்ணையும் மாற்றிக்கொண்டான். ஆகவே பாஸ் மேச்சேரியிலும், வேர்டு திருப்பூரிலும் என்று ஆயிற்று.

அதோடு வை-ஃபையும் போயிற்று. வை-ஃபை சில்லுக்கு உயிர் கொடுக்க ஃபர்ம்வேர் என்ற ஒன்று வேண்டுமாம். அது இணையத்தில் இருக்கிறதாம். இணையத்துக்குப் போக வை-ஃபை வேண்டும். எப்படியோ கொண்டுவந்து சேர்த்தாலும் உள்ளே ஏற்றத் தங்கள் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டின் அலை என் திண்ணைவரை வருகிறது, பெட்டிக்குள் மட்டும் நுழைவதில்லை. இது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1934 முதல் மேட்டூரில் அணை நிற்கிறது. 120 அடி நிறைந்த நீர் தஞ்சாவூர் வரை போய் வயல் நனைக்க, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த எங்கள் ஏரிகள் மண் வெடித்துக் கிடந்தன. 2020-இல்தான், திப்பம்பட்டியிலிருந்து உபரிநீரை இறைத்து 100 ஏரிகளை நிரப்ப, 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 86 வருஷம் காத்திருந்த ஊருக்கு ஒரு பட்டா நகலைத் திரையில் பார்க்க ஆறு மாதம் காத்திருப்பது பெரிதா என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியில் தெருக்கோடியில் இருக்கும் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் வந்தான். அவன் தங்களிடம் விண்ணப்பிக்கவில்லை. இயந்திரத்தை அணைத்து மறுபடி ஏற்றினான். முதலில் தோன்றும் பட்டியலில் 'இ' என்ற விசையைத் தட்டி, ஒரு வரியின் வாலில் இரண்டு சொற்களை ஒட்டினான். கறுத்த திரை திறந்தது. அங்கே பழைய பாஸ்வேர்டை ஒருவரும் கேட்கவில்லை; புதிது என்ன என்று மட்டுமே கேட்டார்கள். ஐயா, ஆறு மாதமாக வாசலில் கைகட்டி நின்ற உடைமைக்காரனிடம் சாட்சியம் கேட்ட தாங்கள், விளக்கணைந்த வேளையில் கொல்லைப்புறமாக வந்த அந்நியனுக்கு நாற்காலியையே ஒழித்துக் கொடுத்தீர்களே! தாலுகா ஆபீஸ்களில் தங்களுக்கு நெருங்கிய பந்துக்கள் உண்டோ என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஹார்ட் டிஸ்க்கை மறையாக்கம் செய்திருந்தால் இந்த வித்தை பலித்திராது என்று மாணவன் பிற்பாடு சொன்னான். கொல்லைக்கும் பூட்டு உண்டு, போடத்தான் ஆள் இல்லை.

பிறகு அவன் தன் செல்போனை ஒரு யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, அதன் வழியே ஃபர்ம்வேரை இறக்கினான். கம்பியில்லாத் தொடர்பு எனக்குக் கம்பியினாலேயே சித்தித்தது.

இப்போது அந்தப் பதவி என்னிடம் இருக்கிறது. நேற்று கடிகாரத்தைத் திருத்தப் போனேன். நிர்வாகியின் அனுமதி தேவை என்று வழக்கம்போல் சொல்லிற்று. பதவியின் கௌரவத்தை உத்தேசித்து, என்னை அரைமணி நேரம் திண்ணையில் காக்கவைத்த பிறகே அனுமதி அளித்தேன்.

இப்படிக்கு,
தற்கால நிர்வாகி,
மேச்சேரி.