பினாங்கில் பெயர்ப்பலகை, ஆரையம்பதியில் கடை

ஜோர்ஜ் டவுன், பினாங்கு,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மாமா அவர்கட்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு முருகன் கிருபையால் நான் சுகம். அங்கே தாங்களும் மாமியும் வளவிலுள்ள கன்றுகாலிகளும் சேமமாயிருக்க அவனே அருள்புரிவானாக. குரல்பதிவு அனுப்புவது வயல்வரம்பில் நின்று மாட்டைக் கூப்பிடுவது போன்றதென்றும், படித்த பிள்ளையாயின் தாளெடுத்துக் கடிதம் எழுதவேண்டுமென்றும் தாங்கள் மாமி மூலம் விடுத்த கட்டளை வந்துசேர்ந்தது. அதனுடன் வேறொரு செய்தியும் வந்தது: வாசிகசாலையில் "மருமகன் வெளிநாட்டில் என்ன உத்தியோகம்?" என்று வினவுவோருக்குத் தாங்கள் "கொம்பியூட்டர்" என்று ஒற்றைச் சொல்லில் விடைபகர்ந்துவிட்டுப் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறீர்களாம். அந்த ஒற்றைச் சொல்லுக்கு உரை எழுதுவதே இக்கடிதத்தின் பிரதான நோக்கம்.

மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு தேசந்தோறும் திரிந்தபடியே உழைத்துண்ணும் என் போன்றோரை உலகம் 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று அழைக்கிறது. இது நாங்களாகச் சூடிக்கொண்ட பட்டமன்று. சுகியோ மகிமொட்டோ என்னும் ஜப்பானியப் பொறியியலாளரும் டேவிட் மானர்ஸ் என்னும் பத்திரிகையாளரும் 1997 ஆம் ஆண்டிலே, நம்மூரில் ஒரு வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் ஒழுங்கை முழுவதும் காதுகொடுத்த காலத்திலே, எழுதிய நூலொன்றின் தலைப்பு அது. கொரோனா வந்து சுற்றுலாப் பயணிகள் வரவு நின்றபோது, பார்படோஸும் எஸ்தோனியாவும் 2020 இல் எங்களுக்கென்றே பிரத்தியேக விசாக்களை ஏற்படுத்தின. மலேசியா 2022 இல் 'டீ ராந்தாவ்' என்ற அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தது. கணினித் துறையினர் அதனைப் பெறுவதற்கு வருஷமொன்றுக்கு 24,000 அமெரிக்க டொலருக்கு மேல் சம்பாதிப்பதாக நிரூபிக்கவேண்டும். என் இணையக் கடையில் கேக் விற்ற இலாபம் அந்த மேட்டை எட்டிப் பார்க்கவும் போதாதாகையால், கனடாவிலுள்ள கடைக்காரர்களுக்கு வலைத்தளம் கட்டிக்கொடுக்கும் என் மற்றை ஜீவனோபாயத்தையும் சேர்த்துக் காட்டி ஒருவாறு கரையேறினேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரான சீன முதியவர், முதல்நாளே, "உன் கடை எங்கே?" என்று கேட்டார். மடிக்கணினியைக் காட்டினேன். அவர் அதைச் சுற்றிவந்து, அடியிலும் குனிந்து பார்த்து, "சரக்கு எங்கே?" என்றார். அக்கேள்விக்கு இன்னும் நான் தகுந்த விடை சொல்லவில்லை; தங்கள் திண்ணையைச் சுட்டிக்காட்டக் கூடிய தூரத்திலே அவர் வீடு இல்லை.

வியாபாரத்தின் சரித்திரம் இதுதான். சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ வசிக்கும் நம்மூரவர் ஒருவர், மட்டக்களப்பு ஆரையம்பதியிலுள்ள தம் தாயாரின் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கும் ஒரு சேலையும் அனுப்ப ஆசைப்படுகிறார். எனது தளத்தில் படங்களைப் பார்த்துத் தெரிவுசெய்து பணத்தைக் கட்டுகிறார். செய்தி வான்வழியே பினாங்குக்கு வந்து, என்னை எழுப்பி, மீண்டும் கடல்தாண்டிக் காத்தான்குடியிலுள்ள பேக்கரிக்காரரிடமும் தங்களிடமும் பொருளைக் கொண்டுசெல்லும் சைக்கிள் தம்பியிடமும் போய்ச் சேர்கிறது. கேக்கு காத்தான்குடியில் வெந்து, அடுத்த ஊரான ஆரையம்பதிக்குள் நுழைவதற்கிடையில், அதைப் பற்றிய செய்தி பூமியின் பெரும்பகுதியைப் பிரதட்சிணம் செய்து முடித்துவிடுகிறது. இலங்கை ரூபாய் சரிந்து, பெற்றோலுக்கு ஜனங்கள் இரவு பகலாய் வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டில் கேக்குப் படங்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பதும், பால்மாவும் எரிவாயுச் சிலிண்டரும் பிறந்தநாட் பரிசுகளாக உயர்ந்ததும் தாங்கள் அறியாததன்று. சிவப்பு நாடா கட்டிய சிலிண்டரை, பேரப்பிள்ளையை அணைப்பதுபோல் இருகையாலும் அணைத்தபடி ஒரு பெத்தா நின்ற புகைப்படம் இன்றும் என் தளத்தின் முகப்பை அலங்கரிக்கிறது.

புகைப்படம் என்றதும் தங்கள் நெற்றி சுருங்குவது இங்கே தெரிகிறது. வாங்குபவரைப் படம்பிடிப்பது கொடுப்பவரின் தருமத்துக்கு இழுக்கு என்பது தங்கள் அபிப்பிராயம். நியாயந்தான், ஆனால் பொருள் கையளிக்கப்பட்டதற்கு வாடிக்கையாளர் அத்தாட்சி கேட்கிறார்களே! இதனால் சங்கடப்படுபவன் சைக்கிள் தம்பிதான். பொருளை நீட்டியதும் வாங்கிக்கொள்ளும் தாய்மார், கமராவைக் கண்டதும் உள்ளே போய், முகங்கழுவி, தலைவாரி, நல்ல சேலையாகத் தெரிந்தெடுத்து உடுத்து, திருநீறும் இட்டு வெளியே வருவதற்குள், கேக்கின் மேலிருந்த ரோசாப்பூக்கள் வெயிலில் உருகித் தட்டோடு ஒன்றாகிவிடுகின்றன.

இனி நேரக் கணக்கு. பினாங்கின் மணிக்கூடு நம்மூர் மணிக்கூட்டுக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. கோடைகாலத்துச் சூரிச்சோ பினாங்குக்கு ஆறு மணித்தியாலம் பிந்தியது. ஆதலால், அங்கே ஒரு மருமகன் இராப்போசனம் முடித்துச் சாய்ந்திருக்கையில், மறுநாள் மாமியாரின் பிறந்தநாள் என்பதை மனைவி நினைவூட்டினால், இங்கே எனக்கு இரவு இரண்டு மணி, ஆரையம்பதியில் பதினொன்றரை. உடனே நான் பேக்கரிக்குப் பணம் அனுப்பவேண்டும். வங்கியோ, என்னை நம்பாமல், ஆறு இலக்கங்கொண்ட இரகசிய எண்ணொன்றை எனது இலங்கைத் தொலைபேசிக்கு அனுப்புகிறது. அந்தத் தொலைபேசியோ மாமியின் தலையணைக்குக் கீழே உறங்குகிறது. மாமி எழுந்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் தேடி, "நாலு... எட்டு... இது ஆறோ ஒம்பதோ மனே?" என்று தொடங்குவார். மூன்றாம் இலக்கத்துக்கும் நான்காம் இலக்கத்துக்கும் நடுவே, "இரவைக்கு என்ன கறி?" என்ற விசாரணை நுழையும். நான் கறியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுகா புதிய எண், புதிய விசாரணை. இத்தனை காவலையும் தாண்டி எந்தக் கள்வனும் என் கணக்கிற் கைவைக்க முடியாதென்ற ஒரே நிம்மதியுடன் நான் மீண்டும் படுத்துக்கொள்வேன்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்க சிரமங்களே. இவ்வியாபாரத்தின் பிராணன் வேறிடத்தில் இருக்கிறது, அது விலாசம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதித் தருவது தபாற்கந்தோர் அறிந்த விலாசமன்று. தாம் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் எது எங்கே நின்றதோ அதுவே அவர்களுக்கு விலாசம். 1977 இல் இலண்டனுக்குப் படிக்கப்போன ஐயா ஒருவர், தம் அக்காவின் வீட்டைப் "பெரிய புளியமரத்துக்கு எதிர்வளவு" என்று எழுதுகிறார். 1978 நவம்பர் 23 ஆந் தேதிச் சூறாவளி அவரைக் கேட்டுவிட்டா அந்தப் புளியைச் சாய்த்தது? தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஓடியவர் "கிடுகுவேலி, தகரப்படலை" என்கிறார். அங்கே இன்று ஆளுயர மதில். படுவான்கரைக்குப் பொதி அனுப்பும் அம்மா ஒருவர், "மண்முனைத் துறையில் பாதைப் படகில் ஏற்றிவிடுங்கள், அக்கரையில் தம்பி காத்துநிற்பான்" என்று அறிவுரை தருகிறார். வாவிக்கு மேலே 2014 இல் பாலம் திறந்து, பாதைப் படகும் பாதைக்காரரும் போய்விட்டார்கள் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கடற்கரையோரத்து வீடொன்றை எழுதுபவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் அங்கே வீடில்லை. எஞ்சியவர்களை எந்தக் குடியிருப்பில் தேடவேண்டும் என்று, ஒரு சொல்லும் கூட்டாமல், தாங்கள் சொல்லித் தந்தீர்கள்.

கூகுளின் வரைபடத்துக்கு இன்றைய ஆரையம்பதி ஒன்றுதான் தெரியும். புறப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் கொண்டுபோன ஆரையம்பதிகள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தங்கள் ஞாபகத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. "அந்தப் புளி சூறாவளியோட பாறிட்டு மனே, அதுக்கு முன்னால இருந்த ஒரு வளவு இப்ப மூணு வளவு. நடுவால போற ஒழுங்கையில கிறுகினா, மறுகா இடக்கைப் பக்கம் ரெண்டாம் படலை" என்று தாங்கள் சொன்னபோது, நான் இங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றிருந்தேன். நாடோடிகள் வாடகைக்கு மேசை பிடித்து வேலைசெய்யும் மண்டபத்தில், சத்தமாகக் கதைப்பவர்களை அடைத்துவைப்பதற்கென்றே அக்கூண்டு உண்டு. வெளியே குரல் கேளாது. அங்கவிலாசம் மட்டும் தெரியும். புளியை ஒரு கையாலும் ஒழுங்கையை மறுகையாலும் நான் வரைந்து முடித்து வெளியே வந்தபோது, அடுத்த மேசை ஜெர்மானிய வாலிபன், "பெரிய ஒப்பந்தமோ?" என்று மரியாதையோடு கேட்டான். "ஓம், காணி விஷயம்" என்றேன்.

அவன் இந்த மண்டப வாழ்க்கையைத் தன் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனை ஒருநாள் பினாங்கு வீதிக்கு அழைத்துப்போனேன். இவ்வீதியிலும் சிங்கப்பூரின் மார்க்கட் வீதியிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகள் வைத்திருந்தார்கள்: ஒரே நீண்ட கூடத்தில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாயும் ஒரு பெட்டியும், பகலில் அதன்முன் சம்மணமிட்டுப் பேரேடு எழுதி, இரவில் அங்கேயே உறங்கி, பொதுச் சமையலில் உண்டு, மூன்று வருஷத் தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். தண்ணீர்மலையில் அவர்கள் கோயில் 1857 முதல் நிற்கிறது. பக்கத்து வீதிகளில் தமிழ் முஸ்லிம்களின் நாசி கந்தார்க் கடைகள். அவர்களின் முன்னோர் சோற்றையும் கறியையும் காவுதடியின் இரு முனையிலும் தொங்கவிட்டு, கடையையே தோளில் சுமந்து திரிந்தவர்கள். ஜெர்மானியன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கோ வேறொன்று உறைத்தது. கிட்டங்கியில் இருந்தவர் பெரும்பாலும் முதலாளி அல்லர், ஏஜண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அக்கரையில் நடமாடியவரைப் பார்த்து உலகம் வியாபாரி என்றது. கணக்கும் நாணயமும் ஊரிலே இருந்தன. மாமா, நமது நிறுவனத்தில் முதலாளி யார், ஏஜண்டு யார் என்பதில் எனக்கு இப்போது யாதொரு சந்தேகமும் இல்லை. சம்பளம் என்று எதை அனுப்பினாலும் கோயில் உண்டியலுக்குப் போய்விடுகிறது என்பதனால் மட்டுமே இதைத் தாளில் எழுதி வைக்கிறேன்.

"அப்படியானால் இஞ்ச வந்து இருந்து செய்யன்" என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. இலங்கையிலிருந்து பணம் செலுத்தலாம், இலங்கையிற் பணம் பெறலாகாது என்று ஓர் உலகளாவிய இணையப் பணச்சேவை நெடுங்காலம் வைத்திருந்த விதியைக் காரணம் காட்டலாம். ஆனால் உண்மைக் காரணம் அதனினும் நுட்பமானது. 94 என்று தொடங்கும் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால், யாரோ உறவினர் காசு கேட்கப் போகிறார் என்ற அச்சத்தில் சூரிச்சில் ஒருவரும் தொலைபேசியை எடுப்பதில்லை. மலேசியாவின் 60 இல் தொடங்கும் இலக்கத்தைக் கண்டால் முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கள்" என்கிறார்கள். அதே கேக்கு, அதே பேக்கரி, அதே சைக்கிள். ஆயினும் ஆரையம்பதியிலிருந்து விற்றால் அது உதவி கேட்பது. பினாங்கிலிருந்து விற்றால் அது சர்வதேச வர்த்தகம்.

எனக்கு மாமி பார்த்துவைத்த விவாக விஷயமும் இதே இலக்கத்தில்தான் சிக்கிக்கொண்டது போலும். பெண்வீட்டார் முதலில் குடிவழி விசாரித்தார்களாம், பொருந்தியதாம், சீதனவீடு தயாராம், "மாப்பிள்ளை இப்ப எந்த நாட்டில?" என்ற கேள்விக்கு மட்டும் மாமி போன மாதம் தாய்லாந்து என்றும், இந்த மாதம் மலேசியா என்றும் சொல்லவேண்டி வந்ததாம். தேசம் தேசமாய் ஓடுபவன் எதற்கு ஓடுகிறான் என்று அவர்கள் ஐயுறுவது இயற்கையே. மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று அயலூரார் சொல்லும் புகழெல்லாம் சொந்தப் பிள்ளையிடம் பலிக்கவில்லையே என்று மாமி வருந்துகிறாராம். நம் வழக்கப்படி மாப்பிள்ளைதானே பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போகிறவன். பெட்டியைத் தூக்கப் பழகிக்கொண்டுதான் இருக்கிறான் என்று பெண்வீட்டாருக்குச் சொல்லும்படி மாமியிடம் கூறவும்.

மாமிக்கும், பேக்கரிக்காரருக்கும், தம்பிக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள ஏஜண்டு,
மருமகன்.

பி.கு: மெல்பேணிலிருந்து புதிய கட்டளையொன்று வந்திருக்கிறது. விலாசம்: "எழுத்துப்பிழை விட்டால் வாங்கில் ஏற்றி நிறுத்தும் வாத்தியார் வீடு." இதற்கு மட்டும் தங்களிடம் வழிகேட்க வேண்டிய அவசியம் நேரவில்லை. சீனி குறைத்த கேக்கு, ஞாயிறு காலை தம்பி கொண்டுவருவான். வெள்ளைச் சேட்டை மாமி முதல்நாளே தோய்த்து வைப்பது நலம். நிறுவனத்தின் புகைப்பட விதி முதலாளிக்கும் பொது.