பத்தொன்பதரை அங்குல மனிதன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு. எங்களுக்கு வீடு இருக்கிறது. வேலையும் இருக்கிறது. குடும்ப குரூப்பில் போட்ட படத்தில் நானும் பிள்ளைகளும் கூடார வாசலில் தரையில் உட்கார்ந்து ரசம் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "வீட்டைப் பிடுங்கிட்டாங்களா?" என்று அண்ணியிடம் கேட்டார்களாம்.

யாரும் பிடுங்கவில்லை. கடன் இன்னும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கடன் கட்டுகிற வீட்டைப் பூட்டிவிட்டு, நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய், ராத்திரிக்கு 36 டாலர் கொடுத்து யோசமிட்டி காட்டில் படுத்துவிட்டு வருவதற்குப் பெயர்தான் இங்கே லீவு. பெரியம்மா நம்பாவிட்டால் இதைச் சொல். 1903 மே மாதம் இந்த நாட்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதே யோசமிட்டிக்கு வந்து, ஜான் மியூர் என்ற காட்டுப்பித்தரோடு மூன்று ராத்திரி வெட்டவெளியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஒரு ராத்திரி பனி கொட்டி, விடியும்போது கம்பளி மேலெல்லாம் வெள்ளை. ஜனாதிபதி அதில் குளிர்ந்துபோனாரே தவிர கோபப்படவில்லை. அவருடைய வீட்டையும் யாரும் பிடுங்கவில்லை.

நீ கேட்டது வேறு. "ஆறு பேருக்கு எதுக்குடி பத்து ஆள் கூடாரம்? துட்டு கொட்டிக் கிடக்கா?" இதற்கு போனில் பதில் சொன்னால் பாதியில் நீ அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கூடாரக் கடையில் கூடாரங்களை விரித்தே வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் உட்காரலாம், படுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உன் மாப்பிள்ளை நேராக "எட்டு பேர்" என்று அட்டை தொங்கிய கூடாரத்துக்குப் போனார். நாம் ஆறு, ரெண்டு மிச்சம், கணக்கு முடிந்தது என்று பர்ஸை எடுத்துவிட்டார். கூட மாமாவைக் கூட்டிப் போயிருந்தோம். அங்கேதான் வினை.

மாமா தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடுகிற ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பது உனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது நம் வீட்டுத் தராசைக் கையில் எடுத்துப் பார்த்தாரே, அதே மாமா. அமெரிக்காவுக்கு வந்தும் சட்டைப் பைக்குள் ஸ்டீல் டேப் இருக்கிறது. கூடாரத்துக்குள் மண்டியிட்டு நுழைந்தார். நீளம் பதிமூன்று அடி, அகலம் ஒன்பது அடி. வெளியே வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மனக்கணக்குப் போட்டார்.

"நூத்தி அம்பத்தாறு அங்குலம். எட்டால வகுத்தா ஆளுக்குப் பத்தொம்பதரை அங்குலம். யாருய்யா அந்தப் பத்தொம்பதரை அங்குல ஆள்? வரச் சொல்லு, பாப்போம்."

கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நெஞ்சு வரை தாடி. உன் மாப்பிள்ளை கேள்வியை மரியாதையாக மொழிபெயர்த்தார். பையனும் மரியாதையாகவே விளக்கினான். படுக்கிற பாய் இருபது அங்குல அகலம். பாயோடு பாய் ஒட்டிப் போட்டால் எத்தனை பாய் கொள்ளுமோ அத்தனை பேர். பை, செருப்பு, தலையணை, குழந்தையின் பொம்மை எதுவும் கணக்கில் கிடையாது. மாமாவின் முகம் மாறியது.

"பாய் இருபது அங்குலம். ஆளுக்கு இடம் பத்தொம்பதரை. ஆளுக்கு அரை அங்குலம் அடிக்கிறான். எட்டு ஆளுக்கு நாலு அங்குலம். இதுக்கு முத்திரை போட்டது யாரு?"

யாரும் போடுவதில்லை, கம்பெனிக்காரர்களே எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றான் பையன். மாமா பக்கத்தில் விற்பனைக்கு வைத்திருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் மளிகைக் கடை மளிகைக் கடையாக ஏறி இறங்கின மனிதர். இவ்வளவு பெரிய நாட்டில், இவ்வளவு பெரிய கடையில், முத்திரை இல்லாத அளவு.

படுத்தே பார்த்துவிடுவோம் என்று அத்தை சொன்னார்கள். செருப்பைக் கழற்றி வெளியே வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். ஓரத்தில் மாமா, அடுத்து பெரியவன், உன் மாப்பிள்ளை, சின்னவள், நான், அந்த ஓரத்தில் அத்தை. ஆறு பேர் என்பதால் ஆளுக்கு இருபத்தாறு அங்குலம் என்று மாமா படுத்தபடியே அறிவித்தார். மல்லாந்து கிடந்தவரை சௌகரியம்தான். மாமா ஒருக்களித்ததும் பெரியவன் நகர்ந்தான், அவன் நகர்ந்ததும் இவர் நகர்ந்தார், கடைசியில் அத்தையின் முழங்கை துணிச்சுவரைத் தள்ளி வெளியே போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு அம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது குனிந்து எங்களை எட்டிப் பார்த்து, நன்றாகத் தூங்குங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போனாள். அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். எழுப்பித்தான் கூட்டி வந்தோம்.

நம்ம ஊர் ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் என்று எழுதியிருக்கும், பத்து பேர் போவோம். இங்கே எட்டு என்று எழுதியிருக்கிறது, நாலு பேர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும். குடும்பமாகப் போகிறவர்கள் இருக்கிற தலைக்கு மேல் ரெண்டு மூன்று கூட்டி வாங்குங்கள், கார் பக்கத்திலேயே விரிக்கிற கூடாரம்தானே, கனத்தைப் பற்றிக் கவலையில்லை என்றான் பையன். தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்குத்தான் கிராம் கணக்கெல்லாம்.

அடுத்த பிரச்சினையை அத்தை கிளப்பினார்கள். "சேலையை எங்க நின்னு கட்ட?"

இந்தக் கேள்வியை அந்தக் கடையில் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கவிழ்ந்த குண்டான் வடிவத்தில் ஒரு வகைக் கூடாரம் உண்டு. காற்றுக்கு அசையாது, பையன் அதைத்தான் சிபாரிசு செய்தான். ஆனால் உயரம் நட்டநடுவில் மட்டும். கொசுவம் வைக்க ஒரு எட்டு நகர்ந்தால் தலை இடிக்கும். மாமாவுக்கு வேட்டியும் அப்படித்தான். பேண்ட் போடுகிற ஜனங்கள் உட்கார்ந்தபடியே காலை நுழைத்துக்கொள்வார்கள், வேட்டியை நிமிர்ந்து நின்றுதான் கட்ட முடியும். ஆக, சுவர் நேராக நிற்கிற, அறை அமைப்புள்ள கூடாரம். ஆறரை அடி உயரம், பதினாலுக்குப் பத்து அடி, நடுவில் தொங்கவிட ஒரு திரை. அட்டையில் பத்து பேர். காற்று பலமாக அடித்தால் நேர்ச்சுவர் அதை முழுசாக வாங்கிக்கொள்ளும், எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள் என்று பையன் எச்சரித்தான்.

மாமா மறுபடி டேப்பை இழுத்தார். "நூத்தி அறுபத்தெட்டு அங்குலம். பத்துப் பேருக்குப் பதினாறே முக்கால் சொச்சம். கூடாரம் பெரிசாகப் பெரிசாக ஆள் மெலியுறானே!"

அன்றிலிருந்து வீட்டில் அந்த மனிதனும் ஒரு ஆளாகிவிட்டான். சின்னவள் சோறு மிச்சம் வைத்தால், "பதினாறே முக்கால் ஆயிருவே" என்கிறார் மாமா. நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தால் உன் மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் டேப்பைத் தேடுகிறார்.

பன்னிரண்டு ஆள் கூடாரமும் இருந்தது. அத்தைக்கு அதில்தான் கண். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். யோசமிட்டியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒதுக்குகிற இடத்துக்குள்ளேயே காரும் மேஜையும் நெருப்பு வளையமும் மரமும் இருக்கிறது. பெரிய கூடாரத்தைச் சில இடங்களில் விரிக்கவே முடியாது. தரைக்குப் போடுகிற விரிப்பைக்கூட கூடாரத்தைவிடச் சின்னதாகத்தான் வாங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து நேரே முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். முழங்கால் வலிக்காக அத்தைக்கு மட்டும் ஒரு மடக்குக் கட்டில் வாங்கினோம்.

ரெண்டு பேர் சேர்ந்தால் கூடாரத்தை ரெண்டு நிமிஷத்தில் நிறுத்தலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை. உன் மாப்பிள்ளையின் மானம் எனக்கு முக்கியம்.

இனிமேல் கரடி. யோசமிட்டியில் கரடி உண்டு, பயப்படாதே. கறுப்புக் கரடி என்று பெயர், பெரும்பாலும் பழுப்பாக இருக்கிறது. அதற்கு மனிதன் வேண்டாம், மனிதனின் சாப்பாடு வேண்டும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டுமில்லை, வாசனை உள்ள எதுவும் அதற்குள் போய்விட வேண்டும். பற்பசை, சோப்பு, பவுடர். ராத்திரியில் கூடாரத்திலோ காரிலோ வைத்திருந்து மாட்டினால் அபராதம் 5,000 டாலர் வரைக்கும். நம்ம காசுக்கு நாலு லட்சத்துக்கு மேல்.

வாசனை உள்ளது எது? அத்தை பையைத் திறந்தார்கள். பெருங்காயம். சாம்பார்ப் பொடி. மாவடு. மூட்டுவலித் தைலம், தலைவலித் தைலம், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், அந்த எண்ணெயால் சளி பிடித்தால் குடிக்க ஒரு பாட்டில் ஓமவாட்டர். திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம். விபூதிக்கு வாசனை உண்டா என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது. இலை விபூதியாக இருந்ததால் உண்டு என்று தீர்ப்பானது. எல்லாம் பெட்டிக்குள் போன பிறகுதான் பெரியவன் கேட்டான், "அப்போ ஆச்சி?" ஆச்சி தலையிலிருந்து கால் வரை தைலம். காட்டு அதிகாரி அம்மாள் ஒருத்தி ரோந்து வந்தாள். உன் மாப்பிள்ளை கேட்டே விட்டார். அவள் அத்தையிடமிருந்து ரெண்டு அடி தள்ளி நின்று மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் யோசித்து, இதை எந்தக் கரடியும் சாப்பாடு என்று நினைக்காது என்றாள். அத்தைக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது.

ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பது சட்டம். மாமாவின் குறட்டைக்கு அந்தச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. விடிகாலையில் அவரே எழுந்து உட்கார்ந்து, "ஒழுகுது, முத்திரையில்லாத சரக்கு!" என்றார். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. ஆறு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு, குளிர்ந்த கூரைத்துணியில் தண்ணீராகக் கோத்து அவர் நெற்றியில் சொட்டியிருக்கிறது. குளிருகிறது என்று அத்தை எல்லாக் காற்றுவழியையும் ஜிப் போட்டு அடைத்திருந்தார்கள். ஜூனிலும் ராத்திரி பத்து டிகிரிக்கு இறங்குகிறது, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கூடாரம் வாங்குகிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காற்றுவழியைத்தான், மழையை அல்ல. மறுநாள் மேல்துணியைக் கழற்றிவிட்டோம். கூரை வெறும் வலை, படுத்தபடியே நட்சத்திரம் தெரிந்தது.

நம்ம வீட்டுத் தட்டட்டியில் படுத்தபோது ஆளுக்கு எத்தனை அங்குலம் அம்மா? சித்தப்பா பிள்ளைகளும் வந்துவிட்டால் ஒரே ஜமுக்காளத்தில் எத்தனை பேர் கிடந்தோம், நடுவில் நீ வந்து ரெண்டு காலை நகர்த்திவிட்டுப் படுப்பாய். இங்கே ஆளுக்கு இருபத்தெட்டு அங்குலம் கிடைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்னவளை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் வந்தது.

பத்து ஆள் கூடாரம் ஏன் என்று கேட்டாயே, பாதிக் காரணம்தான் மேலே எழுதியது. மீதிக் காரணம் நீயும் அப்பாவும். எட்டுப் பேருக்கு ஆளுக்கு இருபத்தொரு அங்குலம், மாமா அளந்தாயிற்று, பாயைவிட ஒரு அங்குலம் கூடவே இருக்கிறது. கூடாரத்தில் இடம் உண்டு. அரசாங்கத்தில்தான் இல்லை. ஒரு இடத்துக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது, குழந்தையும் ஒரு ஆள். ஆக ரெண்டு இடம் வேண்டும், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். அதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே பதினைந்தாம் தேதி காலை சரியாக ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். சில நிமிஷத்தில் காலியாகிவிடும். உன் மாப்பிள்ளையும் நானும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்காரத் தயார்.

அத்தையும் மாமாவும் வந்து நாலு மாதமாக என் சமையலறையில் நான் செய்யாத சமையல் கிடையாது. குறை ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷர்கள். ஆனால் நான் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் நீ இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. கேட்டால் மாடு, மாடு இல்லாவிட்டால் அறுப்பு, அறுப்பு முடிந்தால் யாருக்காவது வளைகாப்பு. மாட்டை அண்ணி பார்த்துக்கொள்வாளாம், நேற்றே பேசிவிட்டேன்.

உன் பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பார்த்து எழுது. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்க நாளாகிறது, இப்போதே போட்டால்தான் அடுத்த கோடைக்கு ஆகும். அப்பாவின் உயரமும் வேண்டும், மாமா கேட்கிறார். முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லாதே. ரெண்டாவது கட்டிலும் வாங்கியாயிற்று.

உன் அன்பு மகள்