மூன்றரை லட்சம் முழுசாக

பொறியியல் முடித்த பிள்ளைக்கு ஐடி கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தால் வீட்டில் முதலில் கேசரி கிண்டுகிறார்கள். கடிதத்தைப் படிப்பது அப்புறம்தான். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பத்து வருஷத்துக்கு மேலாகப் புதியவர்களுக்கு ஏறக்குறைய இதே தொகைதான். வாடகை, பெட்ரோல், இட்லி எல்லாம் ஏறின. இது மட்டும் சொன்ன சொல் மாறாத அரிச்சந்திரன்.

பின்னிணைப்பைப் புரட்டினால்தான் விளையாட்டே. அடிப்படைச் சம்பளத்தில் முதலாளி கட்டும் 12 சதவீத பி.எஃப்.பும் பையனின் சம்பளம்தானாம். கிராஜுவிட்டியும் சேர்த்தி, அதை வாங்க ஐந்து வருஷம் நாற்காலியை விட்டு எழக்கூடாது. 'வேரியபிள் பே' என்று ஒன்று. கம்பெனி நன்றாக இருந்து, டீம் நன்றாக இருந்து, மேனேஜர் மனசும் நன்றாக இருந்தால் வரும். மிஞ்சியதில் சோழிங்கநல்லூர் பி.ஜி. பங்கு கேட்கும். நாலு பேர் அறையில் ஜன்னலோரக் கட்டிலுக்குத் தனி ரேட்!

வேலை நேரம்? 'தேவைக்கேற்ப.' அதாவது, அமெரிக்காவில் விடிந்தால் இங்கே விடிந்த மாதிரி. நடுவில் ஓடினால் பாண்டு பணம் கட்ட வேண்டும். முறையாக விலகுவதென்றாலும் 90 நாள் நோட்டீஸ். அவர்கள் அனுப்புவதென்றால் ஒரு மெயில் போதும்.

சேரலாமா வேண்டாமா என்று பையன் தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க, பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சம்பளத்த விடுப்பா, கழுத்துல கார்டு தொங்குமில்ல? பொண்ணு பாக்குறப்ப அதுதான் பேசும்."