வெறும் அரிவாளோட காட்டுக்குப் போகலாமா, அப்புனு?

பாலமலை அடிவாரத்துல நாலு சுள்ளி பொறுக்குனதுக்கா உன்னைப் புடிச்சு அபராதம் போட்டாங்க? சுள்ளின்னு நீ சொல்றே. அரிவாளும் கையுமா நின்னேன்னு ஊரே சொல்லுது. சரி, போனது போகட்டும். இப்பிடி வந்து திண்ணையில உக்காரு. உன்ற தப்பு எங்கேன்னு இந்த அப்பாரு சொல்றேன்.

மரம் வெட்டுனது தப்பில்ல கண்ணு. உள்ளூர்க்காரனா பொறந்துட்டு வெட்டுனியே, அதான் தப்பு. லண்டன்ல ஒரு ஆபீசு, பங்கு போட நாலு சீமான், சர்க்கார் முத்திரை குத்துன ஒரு காகிதம், இத்தனையும் இல்லாம வெறும் அரிவாளோட காட்டுக்குள்ள போறவன் உருப்படுவானா?

ஹீத் துரையப் பாரு. ஜோசையா மார்ஷல் ஹீத்துன்னு பேரு. கும்பினி உத்தியோகத்துல இருந்தவரு, 1825-ல வேலைய உதறுனாரு. நம்ம சேலத்து இரும்புக்கல்லு மேல அவருக்கு ஒரு கண்ணு. சர்க்காருகிட்டக் கடன் வாங்குனாரு, இங்கிலீசுத் தினுசுல இரும்பு காய்ச்ச அனுமதி வாங்குனாரு. 1830 வாக்குல பறங்கிப்பேட்டையில பெரிய ஊதுலை எழும்புச்சு. கஞ்சமலைக் கல்லப் பரிசல்ல ஏத்தி, காவேரியில விட்டு, கொள்ளிடம் வழியா அங்க கொண்டுபோய்ச் சேத்தாங்க. இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போச்சு.

கல்லு மட்டும் இருந்தா உருகிடுமா? அதுக்குக் கரி வேணும். நீ கரிமூட்டம் பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். பச்சை விறக வட்டமா நெருக்கி அடுக்கி, மேல தழையப் போட்டு மண்ண அப்பி, அடியில ஒரு ஓட்டையில தீய வெப்பாங்க. மொதல்ல வெள்ளையாப் பொகை வரும். அது மெல்ல நீலமாத் திரும்புச்சுன்னா கரி ஆயிருச்சுன்னு அர்த்தம். எங்கியாவது மண்ணு பொளந்து காத்து உள்ள போச்சோ, அத்தனையும் சாம்பல்தான். மூட்டக்காரன் ராத்திரி பகலா தூங்கமாட்டான். அப்பிடிக் காவல் காத்தாலும் நாலஞ்சு டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறுனாப் பெருசு. பறங்கிப்பேட்டை உலைக்கு ஒரு டன் இரும்பு காய்ச்ச மூணு டன்னுக்கு மேல கரி வேணும். விரல் விட்டு எண்ணிப் பாரு, ஒரு டன் இரும்புக்கு எத்தன வண்டி மரம்னு!

நம்ம ஊரு உலைக்காரங்க மட்டும் மரம் வெட்டாமலா இருந்தாங்கன்னு கேப்பே. வெட்டுனாங்கதான். உன்ற ஆத்தா தலைக்குத் தேச்சு உட்டாளே அரப்பு, அந்த மரத்துக் கரியிலதான் காலங்காலமாக் கஞ்சமலைக் கல்ல உருக்குனாங்க. ஆனா அவங்க சூளை நெஞ்சு ஒசரம், ஊதுறது ஆட்டுத்தோல் துருத்தி. நாள் முழுக்க ஊதுனாலும் ஒருத்தன் தூக்குற அளவு இரும்புதான் வரும். அந்தப் பசிக்குக் காடு ஈடு குடுத்துச்சு. துரை உலைப் பசி வேற.

நீ பூலாம்பட்டியில படகேறிப் படம் புடிச்சு, குட்டி கேரளான்னு போட்டு லைக்கு வாங்குனியே, அந்த ஊர்லயும் ஊதுலை நின்னுச்சுடா. 1853-ல கிழக்கிந்திய இரும்புக் கம்பெனின்னு ஒண்ணு கெளம்புச்சு. மூலதனம் 4 லட்சம் பவுண்டு! 1858-ல அதுக்கு மூச்சு நின்னு போச்சு. பறங்கிப்பேட்டையும் அடுத்த பத்து வருசத்துல அடங்குச்சு. பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி தூரத்துல இருந்து வரணும், வண்டிக்கூலி ஏறும். சீமையில நிலக்கரியில காய்ச்சுன இரும்பு இங்கயே மலிவா வந்து எறங்குனா எவன் வாங்குவான் இதை?

இரும்பு போகட்டும், கப்பலுக்கு வா. இங்கிலீசுக்காரன் நாட்டுல ஓக்கு மரம் பஞ்சமாப் போச்சு, நெப்போலியனோட சண்டை வேற. 1806-ல வாட்சன்னு ஒரு போலீசு கேப்டன மலபார் காட்டுக்குக் காப்பாளரா நியமிச்சாங்க. என்னத்தக் காப்பாத்துனாரு? சொந்த நெலத்துல நிக்கிற தேக்கக்கூட உடையவன் தொடக்கூடாது, எல்லாம் கும்பினிக்குன்னு சொல்லிட்டாரு. ஊரே கொதிச்சுச்சு. கடைசியில 1823-ல மெட்ராஸ் கவர்னரா இருந்த மன்றோ அந்தப் பதவியவே எடுத்துட்டாரு. நம்ம தர்மபுரியில இருந்து வரி தண்டுன அதே மன்றோதான். குடியானவன் வயித்தெரிச்சல் என்னன்னு கொஞ்சமாச்சும் தெரிஞ்ச ஆளு. மலபார்த் தேக்குல 1817-ல பம்பாயில கட்டுன 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் இன்னிக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ங்கற ஊர்ல மெதந்துக்கிட்டு நிக்குது. சீட்டு வாங்கிட்டு ஏறிப் பாக்கலாம். மரம் நம்முது, காசு அவங்களுக்கு. வியாபாரம்னா அதுடா!

ரயிலச் சொல்லாம உட்டா அது கோவிச்சுக்கும். 1856-ல ராயபுரத்துல மொத வண்டி ஓடுச்சு, 1861-ல சேலத்துக்குத் தண்டவாளம் வந்துருச்சு. மைலுக்கு ரெண்டாயிரத்துக்குக் கிட்டத்தட்டக் கட்டை. மண்ணுல பொதைச்ச கட்டையக் கறையான் உடுமா, மழை உடுமா? சில வருசத்துல மாத்தணும். இஞ்சினுக்கும் அப்ப விறகுதான் தீனி. போட்ட மொதலுக்கு வருசம் நூத்துக்கு அஞ்சு நிச்சயம்னு கம்பெனிக்கு சர்க்கார் ஜாமீன். லாபம் வராட்டி நம்ம வரிப்பணத்துல இருந்து குடுப்பாங்க. அந்தமாதிரி ஜாமீன் உனக்கு எவனாவது குடுத்தா நீயும் தண்டவாளம் போடலாம்.

1856-லயே கிளெக்ஹார்ன்னு ஒரு டாக்டர மெட்ராஸ் மாகாணத்துக் காட்டுக்கு அதிகாரியாப் போட்டாங்க. செடிகொடி படிச்ச நல்ல மனுசன். ரயிலுக்காக மலைங்க மொட்டையானத அவரே எழுதி வெச்சிருக்காரு. கூடவே மலைச்சனம் காட்ட எரிச்சு வெள்ளாமை பண்றதையும் குத்தம் சொன்னாரு. ரெண்டு குத்தத்துல எதுக்குத் தண்டனை கெடச்சிருக்கும்னு உன்னைக் கேக்கவே வேண்டாம். 1882-ல மெட்ராஸ் வனச் சட்டம் வந்துச்சு. ஒதுக்குக் காட்டுல சீட்டில்லாம ஆடு மேய்ச்சாக் குத்தம், விறகு ஒடிச்சாக் குத்தம்னு ஆச்சு. ரயிலு மேல எவனும் கேசு போடல.

இதெல்லாம் காட்டக் காப்பாத்த வேண்டாம்னு நான் சொல்ற பேச்சில்ல. நாளைக்கும் அரிவாளோட போனீன்னா காலை ஒடிச்சுப்புடுவேன். கணக்கு யாருகிட்டக் கேட்டாங்க, யாருகிட்டக் கேக்கலங்கறதுதான் என்ற பேச்சு.

என்ன, இப்பவே கம்பெனி ஆரம்பிக்கற நெனப்பு மூஞ்சியில தெரியுது? பண்ணு, நல்லாப் பண்ணு. கூட்டாளி சேக்கறப்ப மட்டும் சூதானம். ஹீத்து சீமைக்குத் திரும்பி, மாங்கனீசு போட்டா எஃகு தரமா வருதுன்னு கண்டுபுடிச்சு 1839-ல காப்புரிமை வாங்குனாரு. அவருகிட்ட வேலை பாத்த அன்வின்னு ஒருத்தன், அதே சரக்கை வேற பக்குவத்துல போட்டுட்டு, இது உன்ற காப்புரிமையில அடங்காதுன்னு கைய விரிச்சுட்டான். கேசு வருசக்கணக்கா இழுத்துச்சு. 1851-ல ஹீத்து செத்தாரு, கேசு சாகல. அதனால கம்பெனியில மொத ஆளா உன்ற சித்தப்பன் மவனச் சேத்துறாதே.