எட்டுக் கையெழுத்து வாங்குவது எப்படி?

சென்னை கோட்டூர்புரத்தில் நாற்பது வருடப் பழைய மூன்று மாடிக் கட்டடம், பன்னிரண்டு வீடு. இடித்துக் கட்டப்போகிறார்கள். முன்பு ஒன்றரையாக இருந்த எஃப்எஸ்ஐ (மனையைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2019 விதிகளில் 2 ஆகிவிட்டதால் பில்டருக்கும் ஆசை, வீட்டுக்காரர்களுக்கும் ஆசை. ஆர்க்கிடெக்ட் நீங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அசோசியேஷன் கூட்டம்.

முதலில் கணக்கு. முன்பெல்லாம் ஒருவர் முறைத்துக்கொண்டாலும் கதை முடிந்தது. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தபிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும். அதாவது எட்டுப் பேர். மீதி நாலு பேர் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

புரொஜெக்டர் கட்டாயம் கொண்டுபோங்கள். காரையெல்லாம் தெருவில் விட்டுவிட்டு, பக்கவாட்டுச் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். பத்து மணி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த எலிவேஷன், சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி வெள்ளையாக நிற்கும். அதனால் குறை எதுவும் யார் கண்ணிலும் படாது. இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை.

ஏ3 தாளில் அச்சடித்தும் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் படத்தில் புல்வெளியும், அதில் நாயோடு நடக்கும் வெள்ளைக்காரத் தம்பதியும் இருக்கட்டும். “இவா யாரு, எந்த ஃபிளாட்?” என்று முதல் மாடி மாமி கேட்பார். கூட்டம் கலகலப்பாகும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் விசேஷம். மேற்கு வெயிலையும், கண்ணாடியைத் துடைக்க ஆள் கிடைக்காததையும் பற்றியே அரை மணி ஓடும்.

பிறகு “கான்செப்ட்” பற்றிப் பேசுங்கள். வெளிச்சம், வெளி, மௌனம். மூன்றாவது சொல்லுக்கு நீங்கள் வருவதற்குள் ஒருவர் எழுந்து, “கார் பார்க்கிங் ஒண்ணா, ரெண்டா? பில்லர் எங்க வருது?” என்பார். பதில் தெரியாவிட்டால் மௌனத்திலேயே இருங்கள். அடுத்த கேள்வி யூடிஎஸ், அதாவது மனையில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு. அதற்கடுத்தது ஈசான்ய மூலையில் ஏன் டாய்லெட்.

இடையில் ஒரு செல்போன் கைமாறி வரும். கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை இரவு; மகன் வீடியோவில் இருக்கிறார். அவருக்கு வேப்ப மரம் மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வார். அவர் கையெழுத்தும் எட்டில் ஒன்று. மரத்தைப் பார்த்து மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் மாட்டினேன். ஆற்றோரத் தெரு ஒன்றில், பத்து நிமிடம் லாபியின் கிரானைட்டை வர்ணித்துக்கொண்டிருந்தேன். தரைத்தளத்துப் பெரியவர் ஒன்றும் பேசாமல் என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனார். காலண்டரை நகர்த்தினார். சுவரில் அவர் மார்பு உயரத்துக்குப் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும் அடையாறு ஏறி வந்ததே, அந்தத் தண்ணீர். இரண்டு முறை வெள்ளையடித்தும் அந்தக் கோட்டின்மேல் மட்டும் பிரஷ் படவில்லை. “உங்க மீட்டர் பாக்ஸ் இதுக்கு மேலயா, கீழயா?” என்றார். கீழே. ஜெனரேட்டரும் கீழே. லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கினால் வெளியேற்ற ஒரு பம்ப்கூட நான் வரையவில்லை. அன்று ஒரு கையெழுத்தும் விழவில்லை. விழுந்திருந்தால்தான் தப்பு.

அடுத்த முறை கிரானைட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். முதல் தாளில் கட்டடத்தின் குறுக்குவெட்டு, அதில் அந்தப் பென்சில் கோடு நீல நிறத்தில். புரொஜெக்டரை எடுத்துப்போகவில்லை. பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, மீட்டர் பாக்ஸுக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

இப்படிப் போனால் உங்களுக்கும் ஏழு கையெழுத்து வந்துவிடும். எட்டாவது முதல் மாடி மாமி. அவர் கேட்பது ஒன்றுதான்: “கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்த பீரோ. அந்த ரூமுக்குள்ள போகுமோ?” போகும் என்று சொல்லிவிடாதீர்கள். தாளை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு அது திரும்பி வரும்போது ஸ்கேல் வைத்து பீரோ வரைந்திருக்கும், அதன் கதவு திறக்க வேண்டிய அரை வட்டத்தோடு. உங்கள் படுக்கையறைக் கதவு அடிக்கப்பட்டு ஒன்றரை அடி இடப்பக்கம் போயிருக்கும். துணி காயப்போடும் கம்பிக்கும் இடம் குறித்திருப்பார்.

ஃபைனல் பிளான் அதுதான். ஓரத்தில் உங்கள் சீலைப் போட்டுக்கொள்ளுங்கள்.