பூச்சிக்கு அனுமதி கிடைத்தாச்சு

மழை விட்டுப் புழுங்கும் சாயங்காலம், ஜவ்வாது மலைப் பக்கம் புற்றோரம் குழி வெட்டி விளக்கை வைத்தால் ஈசல் தானாக வந்து விழும். முறத்தில் இறகைப் புடைத்துத் தள்ளி, சட்டியில் வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்தால் வேலை முடிந்தது. பறம்பு மலையில் இதையே மோரில் புளிப்பாகச் சமைத்ததைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பட்டணத்துச் சொந்தங்களோ, "சீ, இதையா தின்பீங்க?" என்று மூக்கைப் பொத்தின. (இறால் தலையை உறிஞ்சும்போது அந்த மூக்குக்கு ஒன்றும் தெரியாது.)

2013-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு, பூச்சி தின்பவர்கள் உலகில் 200 கோடிப் பேராவது இருப்பார்கள் என்றது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் காய்ந்த மாவுப்புழுவுக்கு அனுமதி தந்தது. 2024-ல் சிங்கப்பூர் 16 வகைப் பூச்சிகளுக்கு. இப்போது அதே சொந்தங்கள் 'புரோட்டீன்' என்கின்றன!

ஒடிசாக்காரர்கள் உஷார். சிமிலிபால் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். நம் ஈசலுக்கு மனுப்போடக்கூட ஆளில்லை. தின்ன ஆசையிருந்தால் அடுத்த மழைக்கே ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறிவிடுங்கள். டப்பாவில் அடைத்தபின் கிலோ என்ன விலை சொல்வார்களோ!